இல்லும் வீடும் கோயிலும்

குடியிருக்கும் இடத்துக்குத் தமிழில் உள்ள பழைய பெயர்களுள் ஒன்று 'இல்'. இல்லறம், இல்லாள், இல்வாழ்க்கை யாவும் அதிலிருந்து பிறந்தவை. 'கோயில்' என்பதும் கோ + இல்தான். கோ என்றால் அரசன், இறைவன். ஆகவே பூண்டுலோயாத் தோட்டத்து அம்மன் கோயிலும் சொல்லளவில் ஒரு வீடே.

'விடு' என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு 'வீடு' ஆயிற்று. படு பாடு ஆனதைப் போல. பற்று விட்ட நிலையாகிய முத்திக்கும் இதே பெயர். அறம், பொருள், இன்பம், வீடு என்பதில் வரும் வீடு அதுவே. வேலையை விட்டு இளைப்பாறும் இடமாதலின் வீடு என்று விளக்கம் சொல்வாரும் உண்டு. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தவருக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

மலையகத்திலோ இருப்பிடத்தின் பெயர்கள் கடல் கடந்து வந்தவை. 'லயம்' என்பது ஆங்கில 'லைன்' என்பதன் திரிபு. ஒடுங்குதல் எனப் பொருள்படும் வடமொழி லயம் வேறு. 'காம்பரா' போர்த்துக்கேயச் சொல். முன்புறத்து 'இஸ்தோப்பு' ஒல்லாந்தருடையது. வரிசை, அறை, திண்ணை, அவ்வளவுதான் பொருள். எதிலும் 'இல்' இல்லை. ஆயினும் மாலையில் மலையிறங்குவோர் "வீட்டுக்குப் போறோம்" என்றே சொல்வர்.

காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். 2016இல் இந்திய உதவியுடன் 4,000 தனி வீடுகள் கட்டும் திட்டம் மலையகத்தில் தொடங்கியது. வீடொன்றுக்கு 7 பேர்ச் காணி. இலங்கைத் தமிழில் காணிப் பத்திரத்துக்கு 'உறுதி' என்று பெயர். லயத்தில் பிறந்து லயத்திலேயே கண்மூடிய தலைமுறைகளின் கைக்கு எட்டாத சொல் அது.