பிரம்ம கமலமும் மண்தொட்டியும்

திருப்பத்தூரில் பல வீடுகளின் தாழ்வாரத்திலும் மாடிப்படியின் ஓரத்திலும், பழைய பெயிண்டு டப்பாவிலோ விளிம்பு உடைந்த சிமெண்டுத் தொட்டியிலோ, பிரம்ம கமலச் செடி ஒன்று சுவரில் சாய்ந்து நிற்பதைக் காணலாம். ஆண்டில் ஓரிரு இரவுகள் அது பூக்கும்போது அண்டை அயலாரை அழைத்து, விளக்கேற்றி, கற்பூரம் காட்டிக் கொண்டாடுகிற நாம், எஞ்சிய நாட்களில் அதன் வேர் எந்த நிலையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே இல்லை. எண்ணிப் பார்க்கிற சிலரும், செடியின்பால் கொண்ட அபிமானத்தின் மிகுதியால், அண்டா போன்ற தொட்டியும் கொழுத்த எருவும் கொடுத்து அதன் ஆரோக்கியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். இச்செடியை நெடுங்காலமாக வளர்த்தும், தெரிந்தவர் வீடுகளில் கேட்கும்போதெல்லாம் தொட்டி மாற்றிக் கொடுத்தும் வருகிறவன் என்ற முறையில் நான் கண்டறிந்த சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

பெயரைக் கேட்டு இதை இமயத்துச் செடி என்று கருதுவோர் உண்டு. உத்தரகண்ட் மாநிலத்தின் மலராகிய பிரம்ம கமலம் பனிப்பிரதேசத்தில் பூக்கும் வேறொரு செடி. நம் வீட்டில் இருப்பது கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது, மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ள வெப்பக் காடுகளைத் தாயகமாக உடையது. நீண்டு தட்டையாக இருப்பதனால் இலை என்று நாம் சொல்லும் அந்த உறுப்பு உண்மையில் தண்டு. ஆகையால்தான் மொட்டு அதன் ஓரத்துப் பள்ளங்களிலிருந்து புறப்படுகிறது. இவையெல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்தக் காடுகளில் இச்செடி பெரும்பாலும் தரையில் வேரூன்றுவதில்லை என்பதாகும். மரக்கிளைகள் பிரியும் இடுக்குகளில் தேங்கி மட்கிய சருகைப் பற்றிக்கொண்டு, மரத்தின் சாற்றை உறிஞ்சாமல், மழைநீரையும் மட்கின் சத்தையும் கொண்டே அது ஜீவிக்கிறது. ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் பாதையிலோ புதூர்நாட்டுப் பக்கமோ செல்கிறவர்கள் ஜவ்வாது மலையின் முதிர்ந்த மரங்களை நின்று நிதானமாக அண்ணாந்து பார்த்தால், ஆர்க்கிட் வகைச் செடிகள் தங்கள் வெளிறிய வேர்களைக் காற்றில் நீட்டிக்கொண்டு, மழையில் நனைவதும் வெயிலில் உலர்வதுமாக வாழ்ந்திருப்பதைக் காணக்கூடும். பிரம்ம கமலத்தின் வேரும் அதே சுபாவம் உடையதுதான். அதற்குத் தொட்டி மாற்றுவது ஆகாரம் அளிப்பதற்காக என்பதைவிட, இறுகிப்போன மண்ணை அகற்றி வேருக்கு மறுபடியும் காற்று விடுவதற்காக என்று கொண்டால், மற்ற விஷயங்கள் யாவும் தாமே விளங்கிவிடும்.

எப்போது மாற்றுவது? தொட்டியின் அடித்துளையில் வேர் எட்டிப் பார்த்தவுடன் பதறவேண்டியதில்லை. வேர் சற்று நெருக்கமாக இருக்கும்போதுதான் இச்செடி நன்றாகப் பூக்கிறது. ஊற்றிய நீர் மண்ணில் இறங்காமல் மேலே நின்றாலும், அல்லது ஓரமாக வழிந்து நொடியில் அடிவழியே ஓடிவிட்டாலும், புதுத்தண்டுகள் ஒல்லியாகவும் வெளுத்தும் வந்தாலும், அப்போது காலம் வந்துவிட்டது என்று அறியலாம். சாதாரணமாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்நிலை ஏற்படும். நம் ஊரில் மாசி மாதமே இதற்கு உகந்தது என்பது என் அபிப்பிராயம். பனி விலகிவிடுகிறது, சித்திரை வெயிலுக்கு முன் வேர் பிடித்துக்கொள்ள அவகாசம் இருக்கிறது, ஆனி, ஆடியில் மொட்டு வைக்கும் காலத்துக்குள் செடி தன்னைத் திடப்படுத்திக்கொள்கிறது. மொட்டு தோன்றியபின் தொட்டியைத் தொடவே கூடாது. இடம் மாற்றி வைத்தால்கூட மொட்டு உதிர்ந்துவிடுகிற செடி இது.

புதுத்தொட்டி பழையதைவிட விட்டத்தில் 2 அங்குலம் அதிகமாக இருந்தால் போதும். 8 அங்குலத் தொட்டியில் இருந்ததற்கு 10 அங்குலம். அதற்குமேல் பெரிதாக வைத்தால், வேர் இன்னும் சென்று சேராத மண்ணில் உள்ள ஈரத்தைக் குடிப்பதற்கு ஒன்றும் இல்லாமையால், அந்த ஈரம் நாட்கணக்கில் தங்கி வேரை அழுகச் செய்யும். மண்தொட்டியே சிறந்தது. அதன் சுவர் வழியாக ஈரம் ஆவியாவதும் காற்று உட்புகுவதும் இச்செடிக்கு மிகவும் ஹிதமானவை. புதிய மண்தொட்டியை ஓர் இரவு நீரில் ஊறவைத்துவிட வேண்டும். இல்லையேல் செடிக்கு ஊற்றும் முதல் தண்ணீரை அதுவே குடித்துவிடும். பழைய தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளை வெளேரென்று படிந்திருக்கும் பொருக்கு, நம் ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் விட்டுச்சென்றது. அதைத் தென்னைநாரால் தேய்த்துக் கழுவியபிறகே மறுபடி பயன்படுத்தலாம்.

அடியில் சிறிது உயரத்துக்குச் சரளைக்கல் நிரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று சொல்லாதவர் இல்லை. இது எவ்வளவு பரவியிருக்கிறதோ அவ்வளவு பிரயோஜனமற்ற யோசனை. மண்ணின் நுண்ணிய துளைகளில் பிடிபட்ட நீர் பெரிய இடைவெளிகளுள்ள சரளைக்குள் எளிதில் இறங்குவதில்லை. அது சரளைக்கு மேலேயே தேங்கி நிற்கும். ஆகவே சரளை எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரத்துக்குச் சேறும் வேரை நோக்கி மேலே ஏறிவிடுகிறது. துளையை மண் அடைக்காதிருக்க வளைந்த ஓட்டுத்துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் போதுமானது.

மண்கலவையில்தான் நம் கவனம் முழுவதும் இருக்கவேண்டும். செம்மண் ஒரு பங்கு, நன்றாக மட்கிய இலைமட்கு ஒரு பங்கு, சிறு துண்டுகளாக நறுக்கிய தேங்காய் மட்டை ஒரு பங்கு, உடைத்த செங்கல்லும் அடுப்புக்கரியும் சேர்த்து ஒரு பங்கு என்பது நான் கையாளும் அளவு. தேங்காய் மட்டையில் உப்பும் துவர்ப்பும் இருக்குமாதலால், இரண்டு மூன்று முறை நீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்துகொள்ள வேண்டும். இலைமட்குக்காகச் சிலர் மலைக்குச் சென்று காட்டு மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி வருகிறார்கள். காப்புக்காட்டில் அவ்வாறு செய்வது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, தெருவில் உதிரும் புங்கஞ்சருகையும் புளியஞ்சருகையும் கோணிப்பையில் அடைத்து, அவ்வப்போது நீர் தெளித்து நிழலில் போட்டுவைத்தால் ஓராண்டுக்குள் கிடைக்கிற மட்கு, எந்த மலைமண்ணுக்கும் குறைந்ததன்று. கலவையை ஈரமாக்கி ஒரு பிடி எடுத்து இறுகப் பிடித்துப் பாருங்கள். கையைத் திறந்ததும் அது பிளந்து உதிரவேண்டும். கொழுக்கட்டையாக நின்றால் இன்னும் செங்கல் சேர்க்கவேண்டும்.

மாற்றுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட்டால் மண் சுருங்கிப் பக்கங்களை விட்டு விலகும். பழைய வேட்டிக் கிழிசலால் தண்டுகளைத் தளர்வாகக் கட்டி, தொட்டியைச் சாக்கின்மீது கிடத்தி, உருட்டி உருட்டி உள்ளங்கையால் தட்டினால் வேர்க்கட்டு தானாக நழுவி வரும். தண்டைப் பிடித்து இழுத்தல் ஆகாது. அடியில், மரத்ததுபோல் ஒடுங்கியிருக்கும் இடத்தில், அது பட்டென்று ஒடிந்துவிடும். வராவிட்டால் தொட்டியை உடைத்துவிடுவது மேல். வெளிவந்த வேர்க்கட்டை மோந்து பார்ப்பது ஒரு நல்ல பரீட்சை. மழை மண்ணின் வாசனை இருந்தால் கவலையில்லை. சாக்கடை நாற்றம் அடித்தால் உள்ளே அழுகல் இருக்கிறது. நல்ல வேர் விரலால் உருவும்போது நார்போல் நிற்கும். அழுகிய வேரின் தோல் மட்டும் வழுக்கிக் கையோடு வர, நடுவே நூல் போன்ற நரம்பு எஞ்சியிருக்கும். அத்தகைய வேர்களைச் சுத்தமான கத்தரிக்கோலால் அகற்றி, மூன்றில் ஒரு பங்கு பழைய மண்ணைக் குச்சியால் மெல்ல உதிர்த்துவிட்டு, முன்பிருந்த ஆழத்திலேயே வைக்கவேண்டும். தாங்குகோலைக் கலவை நிரப்புவதற்கு முன்பே ஊன்றிவிடுங்கள். பிறகு குத்தினால் வேரைக் குத்துவதாகும்.

இனி வருவதுதான் பலருக்கு மனம் ஒப்பாத காரியம். ஐந்தாறு நாட்களுக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. பக்கத்து வீட்டு அம்மாளின் செடியை மாற்றிக் கொடுத்து இவ்விதம் சொன்னபோது அவர் திகைத்துப் போனார்.

"வேரையும் அறுத்துட்டு, தண்ணியும் ஊத்தாம வுட்டா செடி செத்துடாதாண்ணா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. அந்தத் தண்டுக்குள்ளயே வேணுங்கற தண்ணி இருக்கு. வேர்ல பட்ட காயம் ஆறட்டும்."

வெட்டுண்ட வேர்முனைகள் உலர்ந்து மூடிக்கொள்வதற்கு முன் ஈரம் பட்டால் அங்கேயே அழுகல் தொடங்கும் என்பதுதான் இதற்குக் காரணம். கரித்தூளும் மஞ்சள்தூளும் தடவுகிற வழக்கம் உண்டு. அதை நான் ஆட்சேபிப்பதில்லை, ஆயினும் உலரவிடுவதே பிரதான மருந்து. தொட்டியை நிழலில் வைத்து, வெயில் கடுமையானால் தண்டின்மீது மட்டும் சிறிது நீர் தெளிக்கலாம். எரு ஒரு மாதத்துக்குப் பின்னரே. அதுவும் மட்கிய சாணம் ஒரு கைப்பிடி. தழைச்சத்து மிகுந்தால் தண்டு வளரும், பூ வராது. காலை வெயில் மட்டும் படும் கிழக்குத் தாழ்வாரமே இதற்கு நிரந்தரமான இடமாக அமையட்டும்.

தொட்டி மாற்றிய ஆண்டில் சில செடிகள் பூக்காமல் போவதுண்டு. அதை நோயாகக் கருதவேண்டாம். பௌர்ணமியில்தான் பூக்கும் என்று நம்பி நாள் பார்க்கிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி கொண்டு மங்கலான விண்பொருள்களை ஆராய்கிறவர்களுக்கு நிலவொளி ஓர் இடைஞ்சல். இந்தப் பூவுக்கோ அது இடைஞ்சலும் அன்று, அவசியமும் அன்று. என் செடி அமாவாசையை ஒட்டிய இரவிலும் பூத்திருக்கிறது. கீழ்நோக்கித் தொங்கிய மொட்டின் காம்பு வளைந்து, நுனி மேலெழும்பி, மாலையில் சற்றுப் பருத்துத் தோன்றினால் அன்றிரவு விழித்திருக்கலாம்.

மாற்றும்போது ஒடிந்த தண்டுகளை எறிந்துவிடவேண்டாம். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, எது அடிப்பக்கம் என்பதை உடனே பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபின் சில துண்டுகளில் தலைகீழ் தெரிவதில்லை. நிழலில் ஒரு வாரம் கிடந்து வெட்டுவாய் காய்ந்தபிறகு, அடிப்பக்கம் ஓர் அங்குலம் புதையும்படி அதே கலவையில் சிறு தொட்டிகளில் நட்டால் மூன்று நான்கு வாரங்களில் வேர் விடும். கேட்டு வருகிறவர்களுக்கு அவற்றைக் கொடுக்கும்போது, பூப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அடுத்த ஆடியிலேயே வந்து விசாரிப்பார்கள்.