கேபினட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள். எல்லாம் நன்றாகவே இயங்குகிறது. ஆனால் வெறுங்காலுடன் நின்றுகொண்டு, பென் டிரைவைச் செருகுவதற்காகக் கேபினட்டின் பின்பக்கத்தைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. டெஸ்டரை வைத்துப் பார்த்தால் அதன் விளக்கு எரிகிறது. "கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் சார் இருக்கும்" என்று சிலர் சொல்லிவிடுவார்கள். அது தவறு. எர்த் சரியாக இருந்தால் கேபினட் ஷாக் அடிக்காது.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

கேபினட்டின் உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ், 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றித் தருகிறது. மின்சாரம் நுழையும் இடத்தில் அதற்கு ஒரு ஃபில்டர் உண்டு. அதில் பேஸ் லைனுக்கும் கேபினட்டுக்கும் நடுவில் ஒரு சிறிய கெப்பாசிட்டரும், நியூட்ரலுக்கும் கேபினட்டுக்கும் நடுவில் இன்னொன்றும் இருக்கும். இவற்றின் வழியாக மிகச் சிறிய அளவு கரன்ட் எப்போதும் கேபினட்டுக்கு வரும். எர்த் ஒயர் இருந்தால் அது பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் போக வழியின்றி, கேபினட்டில் ஏறக்குறைய பாதி, அதாவது சுமார் 115 வோல்ட் நிற்கும்.

இப்படி வரும் கரன்ட் பெரும்பாலும் அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவுதான். அதனால் இந்தச் சுருக் மட்டும் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்பதை அது சொல்கிறது. நாளை எஸ்எம்பிஎஸ்ஸின் இன்சுலேஷன் கெட்டுப்போனால் முழு 230 வோல்ட்டும் கேபினட்டுக்கு வந்துவிடும். எர்த் இல்லாத நிலையில், தொடுபவரின் உடல் வழியாகத்தான் அது பூமிக்குப் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் கண்ணால் பாருங்கள்

சுவிட்சை ஆஃப் செய்து பிளக்கை எடுத்துவிட்டுக் கவனியுங்கள்.

1. கம்ப்யூட்டரின் மூன்று பின் பிளக்கில் மேலே உள்ள தடித்த பின்தான் எர்த். அது உடைந்திருக்கிறதா?

2. மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டர் நடுவில் இருக்கிறதா? இருந்தால் எர்த் அங்கேயே நின்றுவிடும்.

3. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று ஓட்டைகள் இருந்தாலும், மலிவான சிலவற்றில் உள்ளே இரண்டு ஒயர்கள்தான் ஓடும். அதன் பிளக்கே இரண்டு பின் என்றால் சந்தேகமே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மல்டிமீட்டரால் சோதித்தல்

பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையை எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடுவது நல்லது. மீட்டரை ஏசி வோல்ட்டில் 230-க்கு மேற்பட்ட ரேஞ்சில் வையுங்கள். சிவப்பு ஒயர் வோல்ட் என்று குறித்த துளையில் இருக்க வேண்டும். ஆம்பியர் துளையில் இருந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். சாக்கெட்டை நேராகப் பார்க்கும்போது மேலே எர்த், வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல்.

பேஸ் – நியூட்ரல்: சுமார் 230 வோல்ட்
பேஸ் – எர்த்: ஏறக்குறைய அதே அளவு
நியூட்ரல் – எர்த்: ஒன்றிரண்டு வோல்ட்

இரண்டாவது அளவு மிகவும் குறைந்தோ, நிலையில்லாமல் ஆடிக்கொண்டோ இருந்தால் அந்தச் சாக்கெட்டில் எர்த் இல்லை. சுவரில் சரியாக இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தவறாக இருந்தால், குறை பாக்ஸில்தான். குழந்தைகளின் பாதுகாப்புக்காக மூடி வைத்த சாக்கெட்டுகளில் முனை நுழையாது. ஸ்குரூடிரைவரால் நெம்பித் திறக்க முயல வேண்டாம்.

இரண்டு இடத்திலும் சரியாக இருந்தும் ஷாக் அடித்தால் பவர் கார்டைப் பாருங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, மீட்டரைக் கன்டினியூட்டிக்கு மாற்றி, ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் மறுமுனையைக் கேபினட்டின் பெயின்ட் இல்லாத ஸ்குரூவிலும் வையுங்கள். பீப் ஒலி வரவில்லை என்றால் முதலில் கார்டை மாற்றிப் பாருங்கள்.

கார்டும் நன்றாக இருந்தால் பிரிண்டர், மானிட்டர், ஸ்பீக்கர், மோடம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். எதைக் கழற்றியதும் டெஸ்டர் அணைகிறதோ அதில்தான் கோளாறு. ஒவ்வொரு முறையும் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே கழற்றுங்கள்.

சரி செய்வது எப்படி?

சுவர் சாக்கெட்டில் எர்த் இல்லை என்றால் எலக்ட்ரீசியனை அழையுங்கள். சுவிட்ச் போர்டில் எர்த் ஒயர் கழன்றிருக்கலாம், அல்லது இழுக்கப்படாமலே இருக்கலாம். எர்த் குழி வெயில் காலத்தில் காய்ந்திருந்தாலும் இப்படி ஆகும். கரியும் உப்பும் போட்ட பழைய குழியானால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

இரண்டு குறுக்கு வழிகளை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஒன்று, சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைப்பது. டெஸ்டர் அணைந்துவிடும், ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினட்டில் முழு 230 வோல்ட் வந்துவிடும். மற்றொன்று, தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டுவது. பிளாஸ்டிக் குழாயில் அதனால் பயனில்லை. இரும்புக் குழாயில் குளிப்பவருக்கு ஷாக் அடிக்கும்.

இத்துடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் பொருத்தச் சொல்லுங்கள். எர்த்தைச் சரிசெய்த பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் அது ஒவ்வொரு முறையும் விழுந்தால், எஸ்எம்பிஎஸ்ஸில் உண்மையான லீக்கேஜ் இருக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் வரை கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வேண்டாம். ஆர்சிசிபியை எடுத்துவிட்டு ஓட்டவே கூடாது.