எல்லோரும் தலையாட்டுகிறார்கள், பரீட்சையில் ஏன் கோட்டை விடுகிறார்கள்?

கேள்வி: அரசு உதவிபெறும் நடுநிலைப்பள்ளி ஒன்றில் 6 முதல் 8 வரை கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். எந்த வகுப்பிலும் 40 பிள்ளைகளுக்குக் குறையாது. "புரியுதா?" என்று கேட்டால், "புரியுது டீச்சர்" என்று கோரஸாகப் பதில் வருகிறது. புத்தகக் கணக்கில் எண்ணை மாற்றிக் கொடுத்தால் போட்டுவிடுகிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் விழிக்கிறார்கள். பயிற்சிக்குப் போனால் குழுச் செயல்பாடு, செயல்வழி என்கிறார்கள். அப்புறம் போர்ஷனை யார் முடிப்பது? வகுப்பறை ஆராய்ச்சி என்கிறார்களே, அதில் நாளைக்கே எனக்கு உதவக்கூடியது ஏதாவது உண்டா, ஐயா?
— ஓர் ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

பதில்: உங்களுக்கு வந்த சங்கடம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூருக்கும் வந்தது, டீச்சர். அவர் அங்கே 1984இல் பாடம் எடுக்கத் தொடங்கியவர். மாணவர்கள் அவரை மெச்சினார்கள், கடினமான கணக்குகளையும் போட்டுத் தள்ளினார்கள். 1990 வாக்கில், அரிசோனாவில் டேவிட் ஹெஸ்டினஸ் குழுவினர் தயாரித்திருந்த ஒரு தேர்வைத் தன் வகுப்பிலும் வைத்துப் பார்த்தார். சூத்திரமே இல்லாத சாதாரணக் கேள்விகள். பெரிய லாரியும் சின்னக் காரும் மோதிக்கொண்டால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பது மாதிரி. (இரண்டும் சமம்தான்.) நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தூசு என்றுதான் அவர் நினைத்தார். ஒரு மாணவரோ, நீங்கள் நடத்தியபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். தேர்வு முடிவும் அவரைத் தலைகுனிய வைத்தது.

வருமான வரிக்கு ஒரு நோட்டு, தனக்கு ஒரு நோட்டு என்று சில கடைக்காரர்கள் வைத்திருப்பார்கள் அல்லவா, பிள்ளைகளும் அப்படித்தான் இரண்டு நோட்டு வைத்திருக்கிறார்கள். நாம் நடத்துவதெல்லாம் முதல் நோட்டில் அழகாக ஏறும். இரண்டாவது நோட்டை நாம் பார்ப்பதே இல்லை. "விசையா எறிஞ்சான்" என்பது வீட்டுப் பேச்சு. மேலே எறிந்த பந்துக்குள் எறிந்தவனின் விசை மிச்சமிருக்கிறது, அது தீர்ந்ததும் பந்து இறங்கிவிடுகிறது என்றுதான் இரண்டாவது நோட்டில் எழுதியிருக்கும். கையை விட்ட பிறகு பந்தின்மேல் புவியீர்ப்பும் கொஞ்சம் காற்றுத் தடையும் தவிர வேறொன்றும் இல்லை என்று நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் அது அங்கே ஏறாது. இது தமிழால் வந்த வினை என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கும் இதே எண்ணம்தான். ஆனால் தசமத்தில் நம் பங்கு கொஞ்சம் உண்டு. 0.25 என்பதை "புள்ளி இருபத்தைந்து" என்று நாமே வாசித்துக் காட்டிவிட்டு, 0.3 அதைவிடப் பெரியது என்றால் பிள்ளை எப்படி நம்பும்? இருபத்தைந்து எங்கே, மூன்று எங்கே!

மஸூர் ஒரு கேள்வியின் விடையைத் தன்னால் முடிந்த வரை விளக்கிப் பார்த்தார். முகங்களில் தெளிவு வரவில்லை. வேறு வழி தெரியாமல், நீங்களே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளுங்கள் என்றார். அரங்கம் சந்தைக்கடை ஆனது. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே பலருக்கும் விடை பிடிபட்டுவிட்டது. இப்போதுதான் புரிந்துகொண்ட பிள்ளைக்குத் தான் எங்கே இடறினோம் என்பது நினைவிருக்கும். நமக்கு அது மறந்து இருபது வருடம் ஆகிவிட்டது.

அவர் பிறகு இதையே ஒரு முறையாக்கினார், 1997இல் புத்தகமும் எழுதினார். உங்கள் வகுப்புக்கு இதை இப்படி மாற்றிக்கொள்ளலாம். பாடத்தின் நடுவில் ஒரே ஒரு கேள்வி, நான்கு விடைகளோடு கரும்பலகையில். தவறான விடைகள் இரண்டாவது நோட்டிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். கேள்வியின் உயிரே அதில்தான். ஒரு நிமிடம் பேச்சில்லாமல் யோசிக்கட்டும். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் நெஞ்சோடு சேர்த்து விரல் காட்ட வேண்டும், முதல் விடைக்கு ஒரு விரல், நான்காவதுக்கு நான்கு. கையைத் தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்துப் பின்பெஞ்சும் தூக்கும். ஏறக்குறைய எல்லோரும் சரி என்றால் மேலே போங்கள். மிகச் சிலர்தான் சரி என்றால் பேசவிட்டுப் பயனில்லை, நீங்களே வேறு விதமாக நடத்துங்கள். 100க்கு 35இலிருந்து 70 பேர் வரை சரி என்றால்தான் அந்தப் பேச்சு பலன் தரும் என்பது மஸூர் குழுவின் அனுபவம். வேறு விரல் காட்டியவரைத் தேடிப் போய் இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லிவிட்டு, மறுபடி விரல் கேளுங்கள். காரணத்தை அதற்குப் பிறகுதான் நீங்கள் சொல்ல வேண்டும்.

இதற்குப் பலன் உண்டா என்று கேட்பீர்கள். ரிச்சர்ட் ஹேக் என்பவர் 62 இயற்பியல் வகுப்புகளில் 6,500க்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களைத் திரட்டி 1998இல் வெளியிட்டார். தொடக்கத்தில் தெரியாமலிருந்தது 100 என்று வைத்தால், விரிவுரை வகுப்புகள் சராசரியாக 23ஐ மீட்டன. மாணவர்கள் யோசித்துப் பேசிய வகுப்புகள் 48ஐ. ஆர்வமுள்ள ஆசிரியர்களே இப்படி நடத்த முன்வந்திருப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனாலும் இரண்டு மடங்கு வித்தியாசத்தை அந்த ஒரு காரணத்தில் கரைத்துவிட முடியாது. குழுவாக உட்கார வைத்து சார்ட் ஒட்டச் சொல்வதை இதோடு சேர்க்காதீர்கள். அது வேறு.

கணக்குக்கு இன்னொன்று, செலவே இல்லாதது. ஒரு பயிற்சியில் 15 கணக்கும் ஒரே இனம் என்றால், எந்த வழியில் போடுவது என்று பிள்ளை யோசிக்கவே தேவையில்லை, தலைப்பே சொல்லிவிடும். கேள்வியைத் திருப்பினால் விழிப்பது இதனால்தான். டக் ரோரர் குழுவினர் அமெரிக்காவில் 54 ஏழாம் வகுப்புகளை, சீட்டுக் குலுக்குவதுபோல், இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இனவாரியாகவும் மறு பாதிக்குக் கலந்தும் அதே கணக்குகளை வீட்டுப்பாடமாகக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாத தேர்வில் கலந்து போட்டவர்கள் சராசரி 61 சதவீதம், மற்றவர்கள் 38. இந்த ஆய்வு வந்தது 2020இல். நீங்கள் இன்றைய பயிற்சியிலிருந்து நான்கும், சென்ற மாதத்துச் சதவீதம், பரப்பளவு, சமன்பாட்டிலிருந்து ஒவ்வொன்றும் கொடுத்தால் போதும்.

போர்ஷனுக்கு நேரம்? ஒரு பீரியடுக்கு இப்படி ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். புத்தகத்திலேயே இருக்கும் எடுத்துக்காட்டுக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதும் நேரத்தை வெட்டுங்கள்.

முதல் மாதம் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். 2019இல் ஹார்வர்டிலேயே வந்த ஆய்வில், இப்படி யோசித்துப் பேசிப் படித்தவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள், ஆனால் குறைவாகக் கற்றோம் என்றே நினைத்தார்கள். சரளமான விரிவுரை கேட்கச் சுகமாக இருக்கிறது, அந்தச் சுகத்தையே புரிதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு வரும் "புரியுது டீச்சர்" அந்த ரகம்தான்.

ஒரு தாளில் தேதி, கேள்வி, பேசுவதற்கு முன்பும் பின்பும் சரியாக விரல் காட்டியவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் குறித்து வாருங்கள். மூன்று வாரம் கழித்து அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு அந்த எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதுங்கள். பி.எட். படிக்கும்போது செயலாராய்ச்சி என்று நாம் ஃபைல் கட்டியது இதைத்தான், முன்னுரையும் ரெக்கார்டு அட்டையும் இதற்கு வேண்டாம். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் அந்தத் தாளைக் காட்டுங்கள்.