குருந்தக் கவசம்

இரும்பு வலியது, ஆயினும் பளு மிகுந்தது. அலுமினியமோ எடையில் இரும்பின் மூன்றிலொரு பங்கே உடையது; ஆயினும் மென்மையானது, உராய்ந்தால் தேய்வது. எடைக்குறைவும் உறுதியும் ஒருங்கே வேண்டுவோர் யாது செய்வது? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

உத்தனப்பள்ளி, ஒசூரினின்று இராயக்கோட்டை செல்லும் வழியிலுள்ள ஊர். 1980-ஆம் ஆண்டில் ஒசூரினின்று டி.வி.எஸ். 50 என்னும் சிறிய ஊர்தி வெளிவந்தது. பின்னர் இவ்வட்டாரத்தில் ஊர்தித் தொழில் தழைத்தது. ஊர்தியின் எடை குறையின் எரிபொருட் செலவும் குறையும். ஆதலின் அலுமினிய உறுப்புக்கள் ஈண்டுப் பெரிதும் வேண்டப்படுகின்றன.

காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் தானே உண்டாகும். அஃது அரிப்பைத் தடுக்கும். தேய்வைத் தடுக்க மாட்டாது. அப்படலத்தை மின்சாரத்தால் தடிப்பாக்கும் முறை இருவகைப்படும். கந்தக அமிலத் தொட்டியில் உறுப்பை நிறுத்திக் குறைந்த மின்னழுத்தம் செலுத்துவது அனோடைசிங். நீர்த்த காரக் கரைசலில் அமிழ்த்திப் பலநூறு வோல்ட்டுச் செலுத்துவது மற்றொன்று. அப்பொழுது உறுப்பின் மேனியெங்கும் நுண்பொறிகள் தோன்றி மறையும். அவற்றின் வெம்மையில் உருகி, நொடியிற் குளிரும் ஆக்சைடு கடிய பீங்கானாகின்றது. ஐதராபாத்திலுள்ள ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு நிலையம் இந்நுண்பொறி முறையை வளர்த்துள்ளது.

இக்கவசம் உரிந்து விழாதோ எனின், எளிதில் உரியாது. இது வெளியினின்று பூசப்பட்டதன்று, உலோகமே உருமாறியது. மரத்திற்குப் பட்டை எவ்வாறோ அவ்வாறே உலோகத்திற்கு இது.

இப்படலத்தின் மிகக் கடினமான பகுதி குருந்தமேயாம். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே. ஆங்கிலத்தார் 'கொரண்டம்' என வழங்குவதும் நம் தமிழ்ச் சொல்லினின்று பிறந்ததென்பர் அகராதியார்.

எனினும் குறைகளும் உள. பீங்கான் வளையாது, வெடிக்கும். ஓயாது வளைந்து நிமிரும் உறுப்பிற்கு இதனை இடின், கவசத்தின் வெடிப்பு உலோகத்துள்ளும் புகுந்து உறுப்பையே முறிக்கக்கூடும். வார்ப்பு அலுமினியத்திற் சிலிக்கன் மிகுந்திருப்பின் படலம் சீராக வளர்வதும் அரிது. மின்செலவும் மிகுதி. மறுபுறம், நஞ்சாகிய குரோமிய உப்புக்கள் இன்றியும் இவ்வேலை நடைபெறும். தென்பெண்ணை நீரை நம்பிப் பயிரிடுவோர்க்கு இது சிறு நன்மையன்று.

ஆகவே, தேயும் உறுப்பு யாது, வளையும் உறுப்பு யாது எனப் பகுத்தறிந்து கவசமிடுதல் வேண்டும். கடினம் எல்லாம் வலிமை ஆகாது. இடமறிந்து இட்ட கடினமே வலிமையாம்.