வண்ணத்துக்கு முன் இறாக்கை

கேள்வி: எங்கள் பொது நூலகத்தின் உட்புறத்தைப் புதுப்பிக்க விரும்புகிறோம். பணம் குறைவு. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், வந்தாறுமூலை

பதில்: வண்ணப்பூச்சை ஒத்திவைத்து, இறாக்கைகளிலிருந்து தொடங்குங்கள். மாரியில் ஈரம் சுவரில் ஏறும். சுவரோடு ஒட்டிய புத்தகங்களில்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். இறாக்கையை ஒரு சாண் தள்ளிவைத்து, அடித்தட்டை நிலத்திலிருந்து உயர்த்தினால் காற்று ஓடும், கறையானும் உடனே கண்ணில் படும். யன்னலோரம் வாசிப்பு மேசைகளுக்கு. நேர்வெயில் புத்தகங்களுக்கு ஆகாது.

அடுத்தது பிள்ளைகள். சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவில் செயற்கை மரமொன்று நிற்கிறது. பிரெய்ல் பிரிவு தரைத்தளத்திலேயே இருக்கிறது. மரத்துக்குப் பணமில்லை என்றால் போகட்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தட்டு எட்டுகிறதா, சக்கர நாற்காலி திரும்ப இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, வளர இடம். 1959இல் திறந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு ஆலோசனை சொன்னவர் நூலகவியலாளர் எஸ். ஆர். இரங்கநாதன். நூலகம் வளரும் உயிரி என்பது 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலகவியல் விதிகளில் கடைசி விதி. எல்லாத் தட்டுகளையும் நிரப்பிவிடாமல், புதிய வரவுகளுக்கு இடம் விடுங்கள். மட்டக்களப்புக் கூத்துப் பிரதிகளுக்கும் உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்களுக்கும் வாசலருகே தனித் தட்டு வேண்டும்.