கேரம் போர்டுக் கடையில் ஒரு கணக்குப் பாடம்



'பிரேக் ஈவன் பாயிண்ட்' என்று வகுப்பில் நடத்தியபோது உங்களைப் போல் எனக்கும் தலை சுற்றியது. அப்பாவின் கடைக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே புரிந்தது. அப்பா மூன்றாவது வரை படித்தவர். பஸ் ஸ்டாண்டு அருகே கேரம், செஸ், தாயம், லூடோ விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார்.

1. நிலைச் செலவு: வாடகை ரூ.4,500, கரண்ட் ரூ.500, வண்டிக்கூலி முதலியன ரூ.1,000. ஆக மாதம் ரூ.6,000. விற்றாலும் விற்காவிட்டாலும் இது போய்விடும்.

2. லாப நஷ்டமற்ற புள்ளி: ஒரு போர்டு வரியோடு ரூ.1,050-க்கு வாங்கி ரூ.1,300-க்கு விற்கிறோம். மிச்சம் ரூ.250. 6,000-ஐ 250-ஆல் வகுத்தால் 24. மே மாத லீவில் 30 போர்டு போகும். ஆகஸ்டில் 10 போனாலே பெரிசு. அப்போது ரூ.3,500 துண்டு விழும்.

3. சில்லறைச் சாமான்: போர்டு வாங்கியவர் மறுபடி போர்டு வாங்கப் பல வருஷம் ஆகும். பவுடருக்கோ அடுத்த மாதமே வருவார். ஆகஸ்டில் பவுடர் 60 பாக்கெட்டில் ரூ.900, காய் 15 செட்டில் ரூ.900, ஸ்டிரைக்கர் 20-இல் ரூ.400, வலை மாற்றி ஃபிரேம் இறுக்கிய கூலி 13 போர்டுக்கு ரூ.1,300. கூட்டினால் அதே ரூ.3,500! ஆனால் போர்டு விற்காத கடைக்குப் பவுடர் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

4. தேங்கிய சரக்கு: 22.9.2025 முதல் கேரம் போர்டுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் ரூ.1,120 வீதம் வாங்கிய 15 போர்டு அன்று கடையில் நின்றன. சிறு கடை என்பதால் நாங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்யவில்லை, கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை. போர்டுக்கு ரூ.70 வீதம் ரூ.1,050 போச்சு. ஒரு புதுப் போர்டே காணாமல் போன மாதிரி! அன்றிலிருந்து ஐந்து ஐந்தாகத்தான் வாங்குகிறோம்.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரிடா, இதுல என் கூலி எங்க?" என்றார். நான் எழுதவே இல்லை! ஆகஸ்டில் அவர் கூலி பூஜ்யம். நாள் கூலி ரூ.500 என்று 24 நாளுக்குச் சேர்த்தால் நிலைச் செலவு ரூ.18,000. போர்டை மட்டும் நம்பினால் 72 விற்க வேண்டும்.

நண்பர்களே, நம் வீட்டுத் தொழில்களில் எழுதாமல் விடும் செலவு இதுதான். அதிலிருந்துதான் நம் பீஸ் கட்டப்படுகிறது. இந்த லீவில் உங்கள் வீட்டுக் கணக்கையும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். முதல் வரியில் அப்பா அம்மாவின் கூலியை எழுதுங்கள்.