காற்றில் கலந்துள்ள குடிநீர்

குளிர்நீர்க் குவளையின் புறத்தே நீர்முத்துகள் அரும்பக் காண்கிறோம். அவை கசிந்தவை அல்ல. காற்றிலிருந்த நீராவி குளிர்ந்து படிந்தவை.

30 பாகை செல்சியசில் ஈரம் நிறைந்த ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி உண்டு. 10 பாகைக்குக் குளிர்வித்தால் 9 கிராமே தங்கும். எஞ்சிய 21 கிராம் நீராகும். ஆகவே ஒரு லிட்டர் பெற ஏறத்தாழ 48 கனமீட்டர் காற்றைக் குளிர்விக்க வேண்டும். வண்டியில் தங்கிப் பயணிப்போர் இதனைச் செய்யின், மின்கலம் விரைவில் தீரும்.

இதே பணியை வானம் விலையின்றிச் செய்கிறது. மேலெழும் ஈரக்காற்று குளிர்ந்தே மழையாகிறது. தாகேதாவின் 10 சதுர மீட்டர்க் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர் விழும். கோடையில் கலங்கிய நீரருந்தி நம் குழந்தைகள் நோயுறலாகாது. ஆதலின் முதல்மழையில் கூரையைக் கழுவவிட்டு, பின்வரும் நீரைத் தூய கலத்தில் மூடிக் காப்போம், காய்ச்சிப் பருகுவோம்.